கரும்பு ஏன் ஐப்பசியில் பூக்கிறது? சேலத்தில் பிறந்த சர் டி.எஸ். வெங்கட்ராமன் வாழ்க்கை தரும் பாடம்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மோகனூரிலிருந்து பரமத்திவேலூர், ஜேடர்பாளையம் வரை காவிரிக் கரையோரமாகப் போனால், சில கரும்புக் காடுகளின் உச்சியில் வெள்ளி நிறத்தில் பூக்கதிர் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காட்டுக்காரருக்கு அது கவலை. பூத்த கரும்பு அதற்கு மேல் உயராது. வெட்டு உத்தரவு தள்ளிப் போனால் தண்டுக்குள் நெட்டி விழும், பக்கப் பரு முளைத்துக் கிளை அடிக்கும், எடை குறையும்.

நீங்கள் வேண்டாம் என்று நினைக்கும் அந்தப் பூவைத் தேடித்தான் 1912ஆம் ஆண்டு இந்திய அரசு கோயம்புத்தூரில் ஒரு கரும்பு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அந்தப் பூவை வைத்தே இந்தியாவின் சர்க்கரைக் கதையை மாற்றிக் காட்டியவர் சேலத்தில் பிறந்த ஒருவர். அவர் பெயர் சர் டி.எஸ். வெங்கட்ராமன். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், நம் ஊர்ப் பகல் நேரத்துக்கும் நம் பயிருக்கும் உள்ள தொடர்பும் விளங்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சேலத்திலிருந்து கோவைக்கு

திருவாடி சாம்பசிவ வெங்கட்ராமன் 1884ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி சேலத்தில் பிறந்தார். தாவரவியல் படித்தார். அப்போது சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்ற ஆங்கிலேயரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பார்பர் கரும்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதன் பொறுப்பு பார்பரிடம் வந்தது. வெங்கட்ராமனும் அவருடன் அந்த வேலையில் இறங்கினார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் கரும்பு அதிகம் பயிரானது பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார் ஆகிய வடக்குப் பகுதிகளில்தான். அங்கிருந்த கரும்பு விரல் பருமன்தான் இருக்கும். சாறு குறைவு, மகசூலும் குறைவு. அதே நேரத்தில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா தீவிலிருந்து வெள்ளைச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கரும்பு ஆதியிலிருந்தே விளைந்த நாட்டில், அயல்நாட்டுச் சர்க்கரை மலிவாகக் கிடைத்தது. வடக்கு விவசாயிக்கு வெல்லம் காய்ச்சினாலும் கட்டுப்படியாகவில்லை.

தீர்வு ஒன்றுதான். வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்கக்கூடிய, அதே சமயம் கனமான, சாறுள்ள புதுக் கரும்பு வேண்டும். புது ரகம் வேண்டுமென்றால் இரண்டு கரும்புகளைக் கலக்க வேண்டும். கலக்க வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருந்தது. வடக்கில் கரும்பு பெரும்பாலும் பூப்பதே இல்லை. எப்போதாவது பூத்தாலும் விதை சரியாகப் பிடிப்பதில்லை.

நாம் காலங்காலமாகக் கரணை வைத்துத்தான் கரும்பு நடுகிறோம். கரணையிலிருந்து வருவது தாய்க் கரும்பின் நகல்தான். அதில் புதுக் குணம் வராது. கரும்பின் விதை முளைக்கும் என்பதையே உலகம் வெகுகாலம் நம்பவில்லை. 1880களின் இறுதியில்தான் ஜாவாவிலும், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸிலும் கரும்பு விதையிலிருந்து நாற்று வரும் என்று உறுதியாகக் கண்டார்கள். ஜாவா பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 7 பாகையில் இருக்கிறது. பார்படோஸ் வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. கோயம்புத்தூர் வடக்கே 11 பாகை. மூன்றுமே பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்கள். இது தற்செயல் அல்ல.

கோவை வயல்களில் கரும்பு நன்றாகப் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வடக்குக்கான கரும்பை உருவாக்கும் நிலையத்தைத் தெற்கில் வைத்தார்கள். ஏன் இங்கே பூக்கிறது, அங்கே ஏன் பூக்கவில்லை என்பதற்கு அன்று முழு விடை கிடையாது. 1920ஆம் ஆண்டுதான் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள், புகையிலை, சோயா மொச்சை போன்ற பயிர்கள் பூப்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்று சோதனை செய்து காட்டினார்கள். விஞ்ஞானம் காரணத்தைச் சொல்லும் முன்பே, வயலைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பகல் நேரம் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, அந்தக் காரணத்தைப் பார்த்துவிடுவோம்.

பூமி நேராக நின்று சுற்றவில்லை. சாய்ந்து சுற்றும் பம்பரம் போல 23.5 பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் ஜூன் மாதத்தில் வட பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். நமக்குப் பகல் நீளும். டிசம்பரில் வட பாதி விலகியிருக்கும், பகல் குறுகும். பூமத்திய ரேகையில் இந்த ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட இல்லை. வடக்கே போகப் போக ஏற்ற இறக்கம் கூடும். ஓர் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பதைத்தான் அட்சரேகை என்கிறோம்.

சேலமும் நாமக்கல்லும் 11 பாகைக்கும் 12 பாகைக்கும் இடையில் இருக்கின்றன. நமக்கு ஜூன் 21 வாக்கில் மிக நீண்ட பகல் வருகிறது. சூரியன் உதித்து மறையும் வரை சுமார் 12 மணி 45 நிமிடம். டிசம்பர் 21 வாக்கில் மிகக் குறுகிய பகல், சுமார் 11 மணி 25 நிமிடம். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் வித்தியாசம் ஏறக்குறைய 80 நிமிடம்தான்.

பஞ்சாபில் லூதியானா 31 பாகையை ஒட்டி இருக்கிறது. அங்கே ஜூனில் பகல் 14 மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் 10 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வித்தியாசம் 4 மணி நேரம். 51 பாகைக்கு மேலே உள்ள லண்டனில் கோடையில் 16 மணி நேரத்துக்கு மேல் பகல். குளிர்காலத்தில் 8 மணி நேரம்கூடக் கிடையாது. ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால் எல்லா ஊருக்கும் சராசரி பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். எந்த மாதத்தில் எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. பயிர் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது.

கரும்பு, பகல் சுமார் 12 மணி 30 நிமிடம் இருக்கும்போது பூமொட்டைத் தொடங்கும் பயிர். அதுவும் பகல் நீண்டுகொண்டே போகும் மாதங்களில் அல்ல. குறைந்து வரும் காலத்தில். நம் பகுதியில் பகல் 12 மணி 30 நிமிடத்துக்கு இறங்குவது ஆகஸ்ட் நடுவில், அதாவது ஆடிப்பெருக்கு முடிந்து ஆவணி பிறக்கப்போகும் நேரத்தில். அங்கிருந்து பகல் மிக மெதுவாகக் குறைகிறது. 10 நிமிடம் குறைய ஏறத்தாழ 20 நாள் ஆகிறது. கரும்புக்கு அவகாசம் கிடைக்கிறது. வெளியே தெரியாமல் குருத்துக்குள் பூமொட்டு உருவாகிறது. இரண்டரை, மூன்று மாதம் கழித்து ஐப்பசி, கார்த்திகையில் கதிர் வெளியே வருகிறது. அப்போதும் இங்கே இரவு அவ்வளவு குளிர்வதில்லை. அதனால் மகரந்தம் கெடாமல் விதையும் பிடிக்கிறது.

லூதியானாவில் பகல் அதே 12 மணி 30 நிமிடத்துக்கு இறங்க செப்டம்பர் இரண்டாம் வாரம் ஆகிவிடும். அதற்குப் பிறகும் நிற்காது. நாளுக்கு 2 நிமிடம் வீதம் சறுக்கும். 10 நிமிடம் குறைய 5 நாள் போதும். கரும்பு பூமொட்டை நினைப்பதற்குள் அந்தப் பகல் கடந்து போய்விடும். அப்படியே மொட்டு வைத்தாலும், கதிர் வரவேண்டிய நேரத்தில் கடுங்குளிர் வந்து மகரந்தத்தை மலடாக்கிவிடும். வடக்கில் கரும்பு பூக்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஆக, ஆடிக் கடைசியில் நம் வானத்தில் பகல் மெதுவாகக் குறைவதுதான் கோவை நிலையத்தின் மூலதனம். அந்த மூலதனத்தை வைத்து வெங்கட்ராமன் என்ன செய்தார் என்பதற்கு வருவோம்.

வெள்ளைக் கரும்பும் நாணலும்

பொங்கலுக்குக் கடித்துத் தின்கிறோமே, அந்த மாதிரி தடித்த, மென்மையான, இனிப்பான கரும்பினம் ஒன்று உண்டு. அதில் வெள்ளை என்ற ரகம் கோவைப் பகுதியில் இருந்தது. இன்னொரு பக்கம், ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் யாரும் விதைக்காமல் முளைத்துக் கிடக்கும் நாணல். மாடுகூட விரும்பித் தின்னாத முற்றிய தண்டு. இனிப்பு கிடையாது. ஆனால் அது வெள்ளம் வந்தாலும் சாகாது, வறட்சி வந்தாலும் சாகாது, நோய்க்கும் எளிதில் மடங்காது. தாவரவியல்படி நாணலும் கரும்புக்கு நெருங்கிய உறவு.

பார்பரும் வெங்கட்ராமனும் வெள்ளையைத் தாயாகவும் கோவை நாணலைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தார்கள். சர்க்கரை கூட்ட வேண்டிய இடத்தில் சர்க்கரையே இல்லாத களையைக் கொண்டு வந்து கலப்பது அன்று துணிச்சலான காரியம். கரும்பு விதை மிக நுண்ணியது, பஞ்சோடு ஒட்டியிருக்கும். அதைச் சட்டியில் தூவி முளைக்க வைத்து, நாற்றைப் பிரித்து நட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே கதிரின் விதையில் வந்த நாற்றுகள்கூட ஒன்று போல ஒன்று இருக்காது. ஆயிரக்கணக்கில் வளர்த்து, பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஒன்றிரண்டை எடுப்பதுதான் வேலை. எடுத்ததையும் பல இடங்களில், பல ஆண்டுகள் நட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளை, நாணல் கலப்பில் தேறியதுதான் கோ 205. 1918இல் பஞ்சாபுக்கு வெளியிடப்பட்டது. அங்கிருந்த காத்தா என்ற நாட்டு ரகத்தைவிட ஏறத்தாழ பாதி மடங்கு அதிக மகசூல் கொடுத்தது. ரகப் பெயரில் வரும் கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். இன்று நீங்கள் நடும் கோ 86032 வரைக்கும் அந்த எழுத்து தொடர்கிறது. கடலூரில் தேர்ந்தெடுத்தவை கோ.க., சிறுகமணியில் தேர்ந்தெடுத்தவை கோ.சி. என்று வரும்; முன்னால் உள்ள கோ மாறாது.

பார்பர் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பிய பிறகு நிலையத்தின் தலைமை வெங்கட்ராமனிடம் வந்தது. அரசின் கரும்பு நிபுணர் என்ற அந்தப் பதவியில் 1942 வரை பணியாற்றினார். கோ 210, கோ 213, கோ 214, கோ 281, கோ 290, கோ 312, கோ 313 என்று அடுத்தடுத்து ரகங்கள் வந்தன. கரணைகள் ரயிலேறி வடக்கே போயின. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பழைய ஒல்லிக் கரும்பு மறைந்து கோயம்புத்தூர்க் கரும்பு நின்றது. 1932இல் அரியானாவின் கர்னாலில் ஒரு கிளை நிலையமும் தொடங்கினார்கள். கலப்பு கோவையில், தேர்வு கர்னாலில் என்ற ஏற்பாடு. பூக்கும் ஊரில் விதை எடுத்து, பயிர் செய்யப்போகும் ஊரில் சோதிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

அதே 1932இல் அயல்நாட்டுச் சர்க்கரைக்கு வரி விதித்து உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன் நாட்டில் 30ஐ ஒட்டியிருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 100ஐத் தாண்டின. ஜாவா சர்க்கரை வரத்து அடங்கியது. வரி மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. ஆலைக்குப் போட நல்ல கரும்பு காட்டில் நின்றதால்தான் முடிந்தது.

நம் பக்கத்துக்கு அவர் காலத்தில் கிடைத்த பெரிய கொடை கோ 419. ஜாவாவின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 ரகத்தையும் கோ 290ஐயும் கலந்து உருவாக்கியது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் என்று தென்னாட்டுக் கரும்புக் காடுகளை வெகுகாலம் ஆண்ட ரகம் அது. எழுபது, எண்பது வயதைக் கடந்த கரும்பு விவசாயிகளைக் கேட்டால் நானூற்றுப் பத்தொன்பது என்று பெயர் சொல்வார்கள். கோ 281, கோ 290 போன்றவை கடல் கடந்து தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் லூசியானா வரை பயிரானது தனிக் கதை.

வெற்றியோடு வந்த அடி

வெங்கட்ராமனின் எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. கரும்பின் வயதைக் குறைக்கலாம் என்று சோளத்தோடு கலந்து பார்த்தார். மூங்கிலோடும் கலந்து பார்த்தார். கேரளத்தின் தலச்சேரியைச் சேர்ந்த புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் 1930களில் இதே நிலையத்தில் கரும்பின் மரபுக்கூறுகளை ஆராய்ந்தார். உலக விஞ்ஞானிகள் இந்தக் கலப்புகளைக் கவனித்தார்கள். ஆனால் சோளக் கலப்பும் மூங்கில் கலப்பும் விவசாயி காட்டில் நடும் ரகமாக மாறவில்லை.

பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. பீகாரிலும் கிழக்கு ஐக்கிய மாகாணத்திலும் கோ 213 நன்றாக விளைந்தது என்பதால் ஊரெல்லாம் அதையே நட்டார்கள். 1938, 1939 ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் வந்தபோது, அந்த ஒரே ரகம் பிடித்திருந்த பரப்பு முழுவதும் நோய்க்கு வழி திறந்தது போல ஆனது. விவசாயிக்கும் ஆலைக்கும் பெரும் நட்டம். அந்த இடத்தை நிரப்ப அடுத்த ரகங்கள் கோவையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கோவையில் கலப்பு செய்து கர்னாலில் தேர்ந்தெடுத்த கோ 0238 ரகம் அண்மைக் காலத்தில் உத்தரப்பிரதேசத்தின் பெரும் பரப்பில் நின்றது. அதற்கும் செவ்வழுகல் வந்து, விவசாயிகள் வேறு ரகத்துக்கு மாற வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. எவ்வளவு நல்ல ரகமானாலும் ஊர் முழுக்க ஒன்றையே நடக்கூடாது என்பதற்கு 80 ஆண்டு இடைவெளியில் இரண்டு சாட்சிகள்.

கிராமத்தை மறக்காதவர்

1937இல் ஐதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைமை தாங்கினார். நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் கூடும் சபை அது. தலைமை உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரும்பின் மரபியல் அல்ல. இந்தியக் கிராமம், அதன் நேற்று, இன்று, நாளை என்பதுதான். ஆராய்ச்சி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

ஆங்கில அரசு அவருக்கு ராவ் பகதூர் பட்டமும் சர் பட்டமும் கொடுத்தது. விடுதலை பெற்ற இந்தியா 1956இல் பத்மபூஷண் விருது வழங்கியது. 1963ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி, தைப்பொங்கல் முடிந்த சில நாட்களில் அவர் காலமானார்.

அவர் தலைமை வகித்த நிலையம் இன்று கரும்பு இனப்பெருக்க நிறுவனமாகக் கோவையில் இயங்குகிறது. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பல மாநில ஆராய்ச்சி நிலையங்களின் விஞ்ஞானிகள் அங்கே வந்து கலப்பு செய்து, விதையைத் தங்கள் ஊருக்குக் கொண்டு போகிறார்கள். வடக்கே கரும்பு எவ்வளவு பரப்பில் நின்றாலும், அதன் பிறப்பு நம் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில்தான்.

நம் காட்டுக்கு என்ன பாடம்?

விஞ்ஞானிக்கு வரமான அந்தப் பூ, ஆலைக்கு வெட்டும் விவசாயிக்கு இடைஞ்சல். பகல் நேரத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பயிரை அமைக்க முடியும். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. பூக்கும் குணம் ரகத்துக்கு ரகம் மாறும். சில ரகங்கள் காடு முழுக்கப் பூக்கும், சில அங்கொன்று இங்கொன்றாகப் பூக்கும், சில பூப்பதே அரிது. புது ரகம் நடும் முன் மகசூல், சர்க்கரைச் சத்து கேட்பதோடு, நம் பகுதியில் எப்போது, எந்த அளவு பூக்கிறது என்றும் ஆலையின் கரும்பு அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

2. ஆகஸ்ட் நடுவில் உங்கள் கரும்புக்கு என்ன வயது என்று கணக்குப் போடுங்கள். சில கணுக்கள் விட்டுத் தண்டு பிடித்த கரும்புதான் பகலின் நீளத்தை உணரும். டிசம்பர், ஜனவரி முன்பட்டக் கரும்பு ஆகஸ்டில் 7, 8 மாதப் பயிர். பூத்தாலும் கதிர் வரும் நவம்பரில் 10, 11 மாதம் ஆகியிருக்கும். வெட்டும் காலம் நெருங்கிவிடும், நட்டம் குறைவு. மார்ச், ஏப்ரலில் நட்டது ஆகஸ்டில் 4, 5 மாதம். அது பூத்துவிட்டால் 7, 8 மாதத்திலேயே உயரம் நின்றுவிடும், நட்டம் அதிகம். ஜூன், ஜூலையில் நட்டது அந்த ஆகஸ்டில் இளம்பயிர் என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். எனவே நடுப்பட்டம், பின்பட்டம் நடுபவர்கள் அதிகம் பூக்கும் ரகத்தைத் தவிர்ப்பது நல்லது.

3. பூத்த காட்டை முதலில் வெட்டுங்கள். கதிர் வந்த உடனே சர்க்கரை கெட்டுவிடாது. சில வாரங்கள் சாறு நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் நெட்டியும் பக்கக் கிளையும் எடையைத் தின்னும். கதிர் தென்பட்டதும் ஆலைக்குத் தெரிவித்து, வெட்டு வரிசையை முன்னே கொண்டுவரக் கேளுங்கள். வெல்லம் காய்ச்சி பிலிக்கல்பாளையம் சந்தைக்கு அனுப்புபவர்கள் கையில் இந்த முடிவு இருக்கிறது. பூத்த வயலைத் தள்ளிப் போடாதீர்கள்.

4. பூத்த கரும்பில் விதைக்கரணை எடுக்காதீர்கள். 6, 7 மாத வயதுள்ள, நோயற்ற விதைப்பண்ணைக் கரும்பிலிருந்தே எடுங்கள்.

5. பூப்பதைத் தடுக்க ஆகஸ்டில் தண்ணீரைக் காயவிடலாம், மருந்து அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே செய்யாதீர்கள். அது கரும்பு வேகமாக வளரும் மாதம். பூவில் மிச்சம் பிடிப்பதை வளர்ச்சியில் இழக்க நேரும். ஆலோசனை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. ஊரில் இரண்டு, மூன்று ரகங்களையாவது பிரித்து நடுங்கள். கோ 213க்கு நேர்ந்தது எந்த ரகத்துக்கும் நேரலாம்.

மற்ற பயிர்களுக்கும் இதே கணக்கு

பகலின் நீளத்தைப் பார்க்கும் பயிர் கரும்பு மட்டும் அல்ல. குளிர் நாடுகளின் பெரிய வெங்காய ரகங்கள் பலவற்றுக்குக் காய் பருக்க 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். நமக்கு ஜூனில்கூட அவ்வளவு பகல் கிடையாது. அந்த விதையை வாங்கி விதைத்தால் தாள் மட்டும் செழித்து நிற்கும். உரம் போட்டும் காய் பிடிக்காது. குறும்பகலில் காய் பிடிக்கும் ரகங்கள்தான் நம் சமவெளிக்கு ஏற்றவை.

பந்தல் அவரையைச் சித்திரையில் போட்டாலும் கொடி ஓடிக்கொண்டே இருந்து, பகல் குறுகிய பிறகுதான் பூக்கும். ஆண்டு முழுவதும் காய்க்கும் செடி அவரை, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சாமந்தியும் குறும்பகல் பயிர்தான். சாலை விளக்கின் வெளிச்சம் இரவு முழுவதும் விழும் வரிசையில் சாமந்தி பூக்கத் தாமதமாவதைக் கவனித்தால், பகல் என்று நாம் சொன்னாலும் செடி உண்மையில் அளப்பது தொடர்ந்த இருட்டின் நீளத்தை என்பது புரியும்.

நம் முன்னோர் வகுத்த ஆடிப்பட்டமும் மாசிப்பட்டமும் மழையை மட்டும் பார்த்து வந்தவை அல்ல. அந்தந்த ரகம் எந்த மாதத்தில் விதைத்தால் எந்த மாதத்தில் கதிர் தள்ளும் என்ற பல தலைமுறைக் கவனிப்பும் அதில் இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ விதை வாங்கும்போது, அது எந்த அட்சரேகை ஊரில் சோதிக்கப்பட்டது, எந்தப் பட்டத்துக்குச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். மண்ணும் தண்ணீரும் பொருந்தினாலும் பகல் பொருந்தாவிட்டால் அந்த விதை உங்களுக்கு உதவாது. முதலில் 5 சென்டில் நட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஏக்கருக்குப் போங்கள். வெங்கட்ராமன் நிலையம் வடக்குக்கான ரகத்தை வடக்கிலேயே நட்டுப் பார்த்துத்தான் வெளியிட்டது.

இந்த ஆண்டு முதல் ஒரு சிறு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் ரகத்தின் பெயர், நட்ட தேதி, முதல் பூக்கதிர் தென்பட்ட தேதி, வெட்டிய தேதி, ஏக்கருக்கு எத்தனை டன் என்று ஐந்து விவரம் மட்டும் எழுதி வையுங்கள். மறுதாம்புக்கும் தனியாக எழுதுங்கள். மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால், உங்கள் காட்டுக்கு எந்த ரகம், எந்தப் பட்டம் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் அந்த நோட்டோடு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள்.